உலைக்குத் தப்பிய வெள்ளி: பழைய சுரங்கக் கனிமங்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

என் மேசை இழுப்பறையில் 3 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வெள்ளிக் கம்பி இருக்கிறது. எந்தத் தட்டானும் இழுத்துச் செய்த கம்பி அல்ல. நார்வே நாட்டின் கோங்ஸ்பெர்க் மலைக்குள் தானாக வளர்ந்தது. ஆட்டுக்கிடாவின் கொம்பு மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடியிலிருந்து நுனி வரை நெடுக வரிவரியாகக் கோடுகள் ஓடுவது தெரியும். அடியில் கரிக்கட்டை போல அக்கந்தைட் என்ற வெள்ளித் தாது, அதன் மடிப்பில் அரிசிக் குருணை அளவுக்குக் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம்.

கோங்ஸ்பெர்கில் 1623-இல் வெள்ளி கிடைத்தது. 1958-இல் சுரங்கம் மூடப்படும் வரை 1,300 டன்னுக்கும் மேல் எடுத்தார்கள். அநேகமாக எல்லாமே உலைக்குப் போய் உருகிக் காசாகிவிட்டது. சுரங்கத்தின் வேலையே அதுதானே. யாரோ ஒரு தொழிலாளியோ அதிகாரியோ ‘இதை உருக்க வேண்டாம்’ என்று எடுத்து ஒதுக்கியவை மட்டும்தான் இன்று நம் கைக்கு வருகின்றன. அந்தச் சுரங்கம் இனித் திறக்கப் போவதும் இல்லை.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே நான் சொல்லும் எல்லாமே எளிதாகப் புரியும். நாம் சேகரிப்பது வெள்ளி அல்ல. வெள்ளி வேண்டுமென்றால் நகைக்கடைக்குப் போகலாம். நாம் சேகரிப்பது ஓர் இடத்திலிருந்து தப்பி வந்த துண்டு. அதனால் அதன் பளபளப்பையும் எடையையும்விட, அது எங்கிருந்து வந்தது என்பதும் யாரும் அதில் கைவைக்கவில்லை என்பதும்தான் பெரிது.

முதலில் ஒரே ஒரு சுரங்கம்

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வாங்குவது. மெக்சிகோவில் ஒன்று, பெருவில் ஒன்று, மொராக்கோவில் ஒன்று என்று பத்துத் துண்டு சேர்ந்துவிடும். எதைப் பற்றியும் எதுவும் தெரிந்திருக்காது. ஒரு சுரங்கத்தை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் படியுங்கள். அங்கே வெள்ளி எந்தப் பாறையில் இருந்தது, கூட என்னென்ன கனிமங்கள் வந்தன, எந்த ஆண்டுகளில் வேலை நடந்தது, இவை தெரிந்தாலே போலிகளில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

கோங்ஸ்பெர்கையே பாருங்கள். அங்கே சல்ஃபைடு, அதாவது உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள், நிறைந்த பாறைப் பட்டைகள் உண்டு. மெல்லிய கால்சைட் நரம்புகள் அந்தப் பட்டைகளை வெட்டிக்கொண்டு போகும் இடங்களில்தான் வெள்ளி படிந்தது. ஆகவே கோங்ஸ்பெர்க் என்று சொல்லி ஒருவர் காட்டும் கம்பியைச் சுற்றி கால்சைட் இருந்தால் பொருத்தம்தான். அங்கே வழக்கத்தில் இல்லாத ஏதோ ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம். 1168-இல் அங்கே வெள்ளி கண்டெடுத்தார்கள். சுரங்கக் கல்விக்கென்றே 1765-இல் அங்கே ஒரு கல்விக்கூடம் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. அந்த ஊருக்குப் பக்கத்தில் ஹிம்மெல்ஸ்ஃபூர்ஸ்ட் என்ற சுரங்கத்தில் 1885-இல் பெயர் தெரியாத ஒரு வெள்ளிக் கனிமம் கிடைத்தது. அதற்கு ஆர்ஜிரோடைட் என்று பெயர் வைத்தார்கள். கிளெமென்ஸ் விங்க்லர் என்ற வேதியியலாளர் அதைப் பகுத்துப் பார்த்தார். வெள்ளி, கந்தகம் என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒவ்வொரு முறையும் 7 சதவீதம் போல கணக்கில் குறைந்தது. மாதக்கணக்கில் உழைத்து, 1886-இல் அந்தக் குறைவுக்குக் காரணமான புதிய தனிமத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் ஜெர்மேனியம். ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவ் 1871-இலேயே இப்படி ஒரு தனிமம் இருக்க வேண்டும் என்று எழுதி, தன் தனிம அட்டவணையில் இடம் விட்டு வைத்திருந்தார். கறுப்பாக, பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஒரு துண்டு ஆர்ஜிரோடைட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்னும் உடல் சிலிர்க்கிறது.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சான்யார்சிய்யோ, 1832-இல் கண்டெடுக்கப்பட்டது. ப்ரூஸ்டைட் என்ற சிவப்பு வெள்ளிக் கனிமத்தின் உலகிலேயே மிகச் சிறந்த படிகங்கள் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் தொடக்கத்திலேயே அதற்கு ஆசைப்படாதீர்கள், விலை எட்டாது.

பிறகு எதில் தொடங்கலாம்? என்னைக் கேட்டால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள கோபால்ட் என்ற ஊர். 1903-இல் ரயில் பாதை போட்டபோது அங்கே வெள்ளி வெளிப்பட்டது. அங்கே பெரும்பாலும் அழகான படிகங்கள் கிடைக்காது. கால்சைட்டுக்குள் தகடாகவும் இலை நரம்பாகவும் வெள்ளி ஓடும். அறுத்து மெருகேற்றிய துண்டுகள் ஏராளமாகப் புழங்குகின்றன, விலையும் கைக்கு அடக்கம். கூடவே எரித்ரைட் என்ற ரோஸ் நிறப் பூச்சு இருக்கும். கோபால்ட் என்ற உலோகத்தின் தாது காற்றுப் பட்டு மாறியதால் வருவது அது. அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் வெள்ளியைத் தேடினார்கள்.

கண்ணுக்குப் பழக வேண்டியவை

தனி வெள்ளி, அதாவது வேறு எதனோடும் சேராத வெள்ளி, எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். ஆனால் இயற்கையில் அது பளிச்சென்று இருப்பது குறைவு. பழுப்பு, கறுப்பு, சில நேரம் தேன் நிறம். கையில் எடுத்தால் கனம் சொல்லிவிடும், தண்ணீரைப் போல பத்தரை மடங்கு.

அக்கந்தைட் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. எடையில் 87 சதவீதம் வெள்ளி, ஆனால் பார்க்க ஈயம் போலக் கறுத்திருக்கும். கலீனா என்ற ஈயத் தாதுவோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். இரண்டும் கறுப்பு, இரண்டும் கனம். வித்தியாசம் கத்தி முனையில் தெரியும். கலீனா சதுரம் சதுரமாக உடையும். அக்கந்தைட் உடையாது, மெழுகு மாதிரி சீவிக்கொண்டு வரும். இந்தச் சோதனையை உதிர்ந்த துகளில் மட்டும் செய்யுங்கள். முகப்பில் கத்தி வைத்தால் மாதிரி, அதாவது நாம் சேகரித்த துண்டு, கெட்டுப் போய்விடும்.

இன்னொரு செய்தி. மாதிரியோடு வரும் பழைய விவரச் சீட்டுகளில் ‘ஆர்ஜென்டைட்’ என்று எழுதியிருக்கும். சுமார் 173 டிகிரி செல்சியஸுக்கு மேல் இதே பொருள் வேறு அமைப்பில் இருக்கும், அதற்குத்தான் அந்தப் பெயர். ஆறியதும் உள்ளே அமைப்பு அக்கந்தைட்டாக மாறிவிடும், வெளி உருவம் மட்டும் பழைய கனசதுரமாகவே நிற்கும். ஆகவே நம் அறை வெப்பத்தில் இருப்பது எல்லாமே அக்கந்தைட்தான். விற்பவர் ஆர்ஜென்டைட் என்றால் ஏமாற்றுகிறார் என்று பொருள் இல்லை, பழைய வழக்கம் அது.

அடுத்தது சிவப்பு வெள்ளிகள் இரண்டு. ப்ரூஸ்டைட்டில் வெள்ளியோடு ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்திருக்கும். பைரார்ஜிரைட்டில் ஆர்செனிக்குக்குப் பதில் ஆன்டிமனி. முன்னது மாதுளை முத்தின் சிவப்பு. பின்னது இன்னும் இருண்டது, விளிம்பில் வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் மட்டும் சிவப்பு தெரியும். பொன்னைக் கட்டளைக் கல்லில் உரைத்துப் பார்ப்பது போல, மெருகில்லாத வெள்ளைப் பீங்கானில் ஒரு துகளை உரசிப் பாருங்கள். ப்ரூஸ்டைட் குங்குமச் சிவப்பாகக் கோடு விடும். பைரார்ஜிரைட்டின் கோடு கொஞ்சம் ஊதா கலந்த சிவப்பு.

ஸ்டெஃபனைட் கறுப்பு, ஆனால் அக்கந்தைட் போல வளைந்து கொடுக்காமல் பொடியும். குளோரார்ஜிரைட்டைப் பழைய சுரங்கக்காரர்கள் கொம்பு வெள்ளி என்றார்கள். நகம் மாதிரி மங்கலாக இருக்கும், வெயிலில் வைத்தால் ஊதா கலந்து கறுக்கும். இவை போதும் முதல் ஆண்டுக்கு.

புத்தகமும் படமும் ஓரளவுக்குத்தான் உதவும். வாய்ப்புக் கிடைத்தால் நேரில் பாருங்கள். கோங்ஸ்பெர்கில் நார்வே சுரங்க அருங்காட்சியகம் பழைய உருக்காலைக் கட்டடத்திலேயே இருக்கிறது. வெள்ளியை விழுங்கிய அதே இடத்தில், தப்பித்த வெள்ளி கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. ஃப்ரைபெர்கில் ஃப்ராய்டன்ஸ்டைன் கோட்டைக்குள் 2008-இல் தெர்ரா மினராலியா என்ற பெரிய காட்சியகம் திறந்தார்கள். ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள்.

சுரங்கத்துக்கே போய்த் தேடலாமா?

பழைய சுரங்கத்துக்குள் நுழையாதீர்கள். உள்ளே மரத் தாங்கிகள் மக்கிப் போயிருக்கும், தரையில் தண்ணீர் மூடிய குழிகள் இருக்கும், பிராணவாயு இல்லாத காற்று தேங்கியிருக்கும். அந்தக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அனுபவம் உள்ளவர்களே திரும்பி வராமல் போயிருக்கிறார்கள். உள்ளே பார்க்க ஆசையாக இருந்தால், வழிகாட்டியோடு அழைத்துப் போகும் சுரங்கங்கள் கோங்ஸ்பெர்கிலும் ஃப்ரைபெர்கிலும் உண்டு.

வெளியே கொட்டிய கழிவு மேடுகளில் தேடலாம், அனுமதியோடு. நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார், கனிம உரிமை வேறொருவரிடம் இருக்கும், இடமே பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் இருக்கலாம். ஃப்ரைபெர்கை உள்ளடக்கிய எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதி 2019 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே கல்லை எடுத்துப் பையில் போடுவது விளையாட்டு அல்ல. மூன்று தரப்பையும் விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளூர்ச் சேகரிப்பாளர் சங்கத்தோடு போவதுதான் சுலபமான வழி. அனுமதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

போனால் உலோகங்காட்டும் கருவி கொண்டுபோங்கள். கறுத்துப்போன வெள்ளி கண்ணுக்குச் சாதாரணக் கல்லாகத்தான் தெரியும், கருவி கத்திச் சொல்லும். கையுறை கட்டாயம். கோபால்ட் போன்ற ஊர்களில் வெள்ளியோடு ஆர்செனிக்கும் வந்ததால் கழிவு மேட்டு மண்ணிலும் அது நிறைய உண்டு. புழுதி கிளப்பாதீர்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், அந்தக் காலணியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வாங்கும்போது

உண்மையைச் சொன்னால், நல்ல மாதிரிகளில் பெரும்பாலானவை இன்று கழிவு மேட்டிலிருந்து வருவதில்லை. ஒரு பழைய சேகரிப்பு கலையும்போது வெளியே வருகின்றன. அமெரிக்காவின் டூசான் நகரில் பிப்ரவரியை ஒட்டியும், பிரான்ஸின் செந்த்-மரி-ஓ-மீனில் ஜூனிலும், மியூனிக்கில் அக்டோபரிலும் பெரிய கண்காட்சிகள் நடக்கும். செந்த்-மரி-ஓ-மீன் தானே ஒரு பழைய வெள்ளிச் சுரங்க ஊர், ஊர்ப் பெயரிலேயே ‘சுரங்கம்’ என்ற சொல் இருக்கிறது. முதல் கண்காட்சியில் எதையும் வாங்காமல் சுற்றிப் பார்ப்பது நல்லது. ஒரே மாதிரித் துண்டுக்கு நாலு மேசையில் நாலு விலை இருப்பதைப் பார்த்தாலே நிறையப் புரியும்.

இப்போது போலிகள். இதில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அக்கந்தைட்டைச் சூடாக்கினால் கந்தகம் வெளியேறி, அதிலிருந்து வெள்ளிக் கம்பிகள் நிஜமாகவே முளைக்கும். இயற்கையில் நடப்பதற்கு நெருக்கமான ஒரு வளர்ச்சிதான், அதனால் கம்பியில் நெடுக்கு வரிகளும் இருக்கும், சுருளும் இருக்கும். வரி இருக்கிறது, ஆகவே இயற்கை என்று முடிவு கட்ட முடியாது. லென்ஸை அடிப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். சூடு வாங்கிய அக்கந்தைட் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும், விளிம்புகள் உருகினாற்போல மழுங்கியிருக்கும். கம்பிகள் முடிக்கற்றை போல ஒரே அளவில், ஒரே வெண்மையில், நேற்று முளைத்தவை போல இருக்கும். இயற்கைக் கம்பியில் இப்படி ஒரே சீராக இருப்பது அபூர்வம். எங்காவது கறுத்திருக்கும், இடுக்கில் கால்சைட்டோ குவார்ட்ஸோ கம்பியின் மேலேயே வளர்ந்திருக்கும். கம்பிக்குப் பிறகு வந்த கனிமம் கம்பியின் மேல் உட்கார்ந்திருப்பதுதான் நான் முதலில் தேடும் சாட்சி.

இன்னொரு வகை, மின்பகுப்பு முறையில் தொட்டிக்குள் வளர்த்த வெள்ளி. பெரணி இலை மாதிரி மின்னும், எடை குறைவு, தாய்ப்பாறையே இருக்காது. விற்பவரிடம் எந்தச் சுரங்கம் என்று கேட்டால் ஒரு நாட்டின் பெயர் மட்டும் வரும். மூன்றாவது, அசல் கம்பியையே வேறொரு கல்லில் பசை வைத்து ஒட்டுவது. ஒட்டிய இடத்தில் ஊசி முனையை மெல்ல வைத்தால் பசை அமுங்கும். புற ஊதா விளக்கில் பல பசைகள் நீலமாக ஒளிரும்.

அமிலத்தில் முக்கிப் பளபளப்பாக்கிய மாதிரியைப் போலி என்று சொல்ல முடியாது. கால்சைட்டைக் கரைத்து வெள்ளியை வெளிக்கொண்டுவருவது பழைய பழக்கம், கோங்ஸ்பெர்க் துண்டுகள் பலவற்றுக்கு அது நடந்திருக்கிறது. ஆனால் அப்படிச் செய்திருப்பதை விற்பவர் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் கறுத்த துண்டையே எடுப்பேன். கறுப்பை என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2.5 சென்டிமீட்டருக்குள் அடங்கும் சிறிய மாதிரிகளில் தொடங்குங்கள். ஒரே பணத்தில் பெரிதாக ஒரு சுமாரான துண்டும் சிறிதாக ஒரு அருமையான துண்டும் கிடைக்கும். அருமையானதே கண்ணைப் பழக்கும்.

சீட்டு

மாதிரியோடு வரும் சிறு சீட்டை அதன் பாதி உயிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மூன்று துண்டுகளை ஒரே பெட்டியில், சீட்டுகளைத் தனியாக மடித்து வைத்தேன். வீடு மாறியபோது எல்லாம் கலந்துவிட்டது. இரண்டை எப்படியோ அடையாளம் கண்டேன். மூன்றாவது, ஓர் அங்குலப் பைரார்ஜிரைட், ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் சாங்க்ட் ஆந்த்ரியாஸ்பெர்க்கா ஃப்ரைபெர்க்கா என்று இன்று வரை உறுதி செய்ய முடியவில்லை. கல் அதே கல்தான், ஆனால் அதற்கு ஊர் இல்லாமல் போய்விட்டது.

அதனால் வாங்கிய அன்றே செய்யுங்கள். மாதிரியின் பின்புறம், கண்ணில் படாத இடத்தில், கழற்றக்கூடிய அரக்குப் பூச்சை ஒரு சிறு புள்ளியாக வைத்து அதன் மேல் வரிசை எண்ணை எழுதுங்கள். அதே எண்ணை நோட்டில் எழுதி, கனிமம், சுரங்கம், ஊர், நாடு, அளவு, எடை, யாரிடம், எப்போது, என்ன விலை என்று குறியுங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள். உங்கள் சீட்டைப் புதிதாக எழுதுங்கள், பழைய சீட்டு ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் அதில் திருத்தக் கூடாது, திருத்தத்தை உங்கள் சீட்டில் எழுதுங்கள்.

பழைய ஜெர்மன் சீட்டுகளைப் படிக்க நாலைந்து சொல் தெரிந்தால் போதும். கிளாஸ்எர்ட்ஸ், சில்பர்கிளான்ஸ் இரண்டும் அக்கந்தைட். ரோட்கூல்டிக்எர்ட்ஸ் என்றால் சிவப்பு வெள்ளி. ஹார்ன்சில்பர், கொம்பு வெள்ளி. ஊர்ப் பெயரும் மாறியிருக்கும்: யோவாகிம்ஸ்தால் என்று இருந்தால் இன்றைய செக் நாட்டின் யாஹிமோவ். அங்கே அடித்த வெள்ளிக் காசுக்கு ஊர்ப் பெயரை வைத்தே தாலர் என்று பெயர் வந்தது. டாலர் என்ற சொல் அதன் வழியில் பிறந்ததுதான். ஐயம் வந்தால் மின்டாட் இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். எந்தச் சுரங்கத்தில் எந்தக் கனிமம் பதிவாகியிருக்கிறது என்பது படத்தோடு கிடைக்கும்.

வீட்டில் வைத்துக்கொள்வது

நம் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்போம். கனிம வெள்ளியை அப்படித் தேய்க்கவே கூடாது. நுண்ணிய வரிகள் மழுங்கிவிடும். பற்பசை, பாத்திரம் துலக்கும் திரவம், அலுமினியத் தாளும் சோடாவும் எதுவும் வேண்டாம். தூசி என்றால் மென்மையான ஓவியத் தூரிகை போதும்.

கறுப்பதற்குக் காரணம் காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மம். அதை நாமே பெட்டிக்குள் கொண்டுவந்து வைப்பதுதான் கொடுமை. ரப்பர், கம்பளித் துணி, குழந்தைகள் விளையாடும் களிமண் எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கலாம். எனக்கு ஒரு கம்பி வெள்ளியை அனுப்பியவர் பெட்டியின் மூடி திறக்காமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பினார். நானும் கவனிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்தேன். நாலு மாதம் கழித்துத் திறந்தபோது ரப்பருக்குப் பக்கத்தில் இருந்த பாதி மட்டும் நீலக் கறுப்பாகியிருந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, அடியில் கனிம மாதிரிகளுக்கென்றே விற்கும் பசை மண், ஓரத்தில் வெள்ளி கறுக்காமல் தடுக்கும் தாள் துண்டு ஒன்று. இவ்வளவுதான் தேவை.

ப்ரூஸ்டைட்டுக்கு எதிரி வெளிச்சம். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் மேல்பரப்பு சிதைந்து, மாதுளைச் சிவப்பு போய் மங்கிய கறுப்புப் படலம் வந்துவிடும், திரும்பாது. பெரிய அருங்காட்சியகங்களே தங்கள் சிறந்த ப்ரூஸ்டைட்டை இருட்டில்தான் வைக்கின்றன. கறுப்புத் தாள் ஒட்டிய மூடியோடு இழுப்பறையில் வையுங்கள். நண்பர் வந்தால் எடுத்துக் காட்டுங்கள், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் வாங்கிய அன்று ஒரே முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பைரார்ஜிரைட் இவ்வளவு மோசம் இல்லை, ஆனாலும் அதையும் இருட்டில் வைப்பதே நல்லது. குளோரார்ஜிரைட்டும் அப்படித்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் திறந்து, வாங்கிய நாளில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். தாள் துண்டு நிறம் மாறியிருந்தால் புதிது வையுங்கள். ஏதாவது கறுத்திருந்தால் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள், பெட்டியின் பஞ்சா, பக்கத்தில் இருக்கும் இன்னொரு கனிமமா என்று. நோட்டில் தேதியோடு ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள்.